அடுப்புக்கு மேலே தூங்குகிறவர்கள்

போன வாரம் என் பெரியவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதோடு கதையை நிறுத்தியிருந்தேன். அவன் தங்கச்சி, என் பெண், அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணா, உங்க சங்கத்துல என்னையும் உறுப்பினரா சேத்துக்கோயேன்." அதற்கு அவன், "வீட்டுச் சமையல்கட்டுல கேக் சுடுறவங்களுக்கெல்லாம் அங்க இடமில்லை" என்றான். அதோடு விட்டிருக்கலாம். "நீங்கெல்லாம் திருட்டுத்தனமா தொழில் பண்றவங்க" என்றும் சொன்னான்.

கூடப் பிறந்தவளைப் பார்த்து. என் வீட்டில் உட்கார்ந்து என் சோற்றைத் தின்றுகொண்டே.

அவன் பேக்கரி உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவர். பேருக்குத்தான் பேக்கரி. அவனுக்கென்று ஒரு அடுப்பு கிடையாது. மாவு பிசையும் மெஷின் விற்கிற ஏஜென்சி வைத்திருக்கிறான், லிப்ட் வைத்த கட்டடத்தில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறான். சங்கத்தில் ஒரு அடுப்புக்கு ஒரு ஓட்டு. என் அடுப்புக்கு உள்ள ஓட்டில்தான் அவன் உள்ளே போனான், தேர்தலில் நின்றான், நாற்காலியைப் பிடித்தான். எனக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. நாலு பேர் மைக் பிடித்தால் அதில் மூன்று பேர் பொய் சொல்லுவார்கள். அதனால் நான் போனதில்லை.

இன்று காலையில் கடைசி ஈடு ரொட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, பளபளப்பான ஷூ, சட்டையில் சங்கத்து பேட்ஜ். ஒன்றுமே நடக்காத மாதிரி பெரியவன் வந்து நின்றான்.

"அப்பா, இன்னிக்கு நீங்க எங்ககூட வரணும்."

"எங்க?"

"சட்டசபைக்கு. பேக்கரி மசோதாவை ஒரு குழு விசாரிக்குது. சங்கத்தோட மூத்த உறுப்பினர்னு உங்களை முன்னால உட்கார வைக்கணும்."

"உட்கார்ந்து?"

"சும்மா உட்கார்ந்திருங்க. ஏதாவது கேட்டா, 'சங்கம் சொல்றதுதான் எங்க பேச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"பொம்மை வேணும்னா கடையில போய் வாங்கு."

மாடிப்படியில் என் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். முட்டி வலிக்காக ஒரு கை சுவரில். "தட்டைத் தள்ளிட்டுப் போனவருக்கு இன்னிக்கு அப்பா வேண்டியிருக்கு" என்றாள்.

"அம்மா, அதெல்லாம் அப்புறம் பேசலாம். இன்னிக்கு எவ்வளவு பெரிய நாள் தெரியுமா? பதினோராவது பிரிவு நாங்க கேட்டது. அப்படியே வரிக்கு வரி ஏத்திட்டாங்க. இத்தனை வருஷத்துல சங்கம் கேட்டு ஒண்ணு சட்டமாகப் போறது இதுதான் முதல் தடவை."

"என்ன கேட்டீங்க?"

"ஆள் தூங்குற கட்டடத்துல வியாபாரத்துக்கு அடுப்பு எரிக்கக் கூடாது."

பரிசு வாங்கின பிள்ளை மாதிரி முகம். என் பெண்ணுடைய பிழைப்பு அந்த ஒரு வரியோடு முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. மாப்பிள்ளை லாரியோடு போனால் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. அவள் சுடுகிற கேக்கில்தான் அந்த வீட்டு வாடகை போகிறது. அவளை நசுக்கத்தான் இந்த வரி. நான் கையிலிருந்த ரொட்டித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

என் வீட்டுக்காரி மட்டும் படியில் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் தூங்குற கட்டடம்னா?"

"வீடும்மா. ப்ளாட். அடுக்களையில சுட்டு போன்ல ஆர்டர் எடுத்து விக்கிறாங்களே, அவங்க."

"அப்ப நாங்க எங்கேடா தூங்குறோம்?"

அவன் தலையை உயர்த்தி மேலே கூரையைப் பார்த்தான்.

எங்கள் கடை இப்படி: முன்னால் விற்கிற இடம், பின்னால் அடுப்பு, அடுப்புக்கு நேர் மேலே எங்கள் அறை. மாவு நடுச்சாமத்தில் பொங்கும். பொங்கினால் ஆள் இறங்கி வந்தாக வேண்டும், பஸ் பிடித்து வருகிற வரைக்கும் அது காத்திருக்காது. அதனால்தான் ரொட்டிக்காரன் அடுப்புக்கு மேலேயே படுக்கிறான். நான் மட்டுமில்லை. ரஸ்க் கடைக்காரர், பன் கடை அண்ணன் தம்பிகள், பாலத்தடிக் கடைக்காரர், சங்கத்தில் பாதிப் பேருக்குமேல் அப்படித்தான். என் பெரியவனும் அந்தச் சூட்டுத் தரையில் புரண்டு வளர்ந்தவன்தான். ஏழாவது மாடிக்குப் போனதும் மறந்துவிட்டது.

"அது பழைய கடைகளைத் தொடாதும்மா" என்றான் ஒரு வழியாக. "அதிகாரிகிட்ட பேசிட்டேன்."

"எழுதியிருக்கா?" என்றேன்.

"வாயால சொல்லியிருக்காரு."

"வாயால! நான்கூடத்தான் வாயாலயே ஆயிரம் ரொட்டி சுடுவேன். உறுப்பினருங்களைக் கேட்டியா?"

"செயற்குழுவுல தீர்மானம் போட்டோம்பா. அஞ்சு பேரும் ஒத்துக்கிட்டாங்க."

"அந்த அஞ்சு பேருல எவன்டா அடுப்புக்கு மேல தூங்குறான்?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"வரேன், நட" என்றேன்.

"சட்டையையாவது மாத்திட்டுப் போங்க, மாவோட போறீங்களே" என்றாள் என் வீட்டுக்காரி.

"மாவோடதான் போவேன்."

வேன் வாசலில் நின்றது. பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு ரொட்டி படம். ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ரொட்டிக் கம்பெனியின் வண்டி அது. உள்ளே சங்கத்து ஆட்கள், எல்லாம் துவைத்துத் தேய்த்த சட்டையில். நான் ரஸ்க் கடைக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் பையன் டிரைவருக்குப் பக்கத்தில் போன் பேசிக்கொண்டே வந்தான்.

"இவன் வண்டி நமக்கெதுக்குய்யா?" என்றேன்.

"வண்டி மட்டுமா அண்ணே?" ரஸ்க்காரர் குரலைத் தாழ்த்தினார். "வருஷாந்திரக் கூட்டத்துக்கு மண்டபம் அவங்க, விருந்து அவங்க, மேடையில குடுக்கற கேடயம் அவங்க. நாமளும் சந்தா கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். என்ன கிடைக்குது? ஒரு டைரி, ஒரு காலண்டர். அந்தக் காலண்டர்ல கூட அவன் ரொட்டிதான் சிரிக்குது."

"அவனுக்கு நம்ம மேல என்ன திடீர் பாசம்?"

"பாசமா! பதினோராவது பிரிவை எழுதினதே அவங்க வக்கீல்தானாம். உங்க பையன் சங்கத்து லெட்டர்ஹெட்ல ஏத்திக் குடுத்திருக்காரு. கம்பெனியில எவன் தூங்குறான் சொல்லுங்க? ஷிப்ட் முடிஞ்சா எல்லாரும் பஸ் ஏறிடுவாங்க. வீட்டுல சுடுறவங்களும் போயி, நாமளும் போயிட்டா, தெருவுக்குத் தெரு அவன் ரொட்டிதான்."

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டா சும்மா இருக்கீங்க?"

"நேத்து சாயங்காலம்தான் தெரியும். அதுவும் கேட்டா என்ன சொல்றாங்க? சங்கத்துக்கு ஒரே குரல்தான் இருக்கணுமாம். அப்புறம்..." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மைதா நமக்குச் சங்கம் மூலமாத்தான் மொத்தமா வருது அண்ணே. அது நின்னு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நல்லதுக்குத்தான் சேர்ந்து மைதா வாங்க ஆரம்பித்தார்கள். இப்போது அதையே மூக்கணாங்கயிறாக மாட்டியிருக்கிறார்கள். என் மகனும் அதன் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறான். நான் முன் சீட்டில் தெரிந்த அவன் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு போனேன்.

விசாரணை அறையில் ஏசி போட்டுக் கொல்லுகிறார்கள். அடுப்பு முன்னால் நின்ற உடம்புக்கு ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. நீள மேஜை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேஜைக்கு அந்தப் பக்கம் குழு உறுப்பினர்கள். நடுவில் தலைவியம்மா, தடித்த கண்ணாடி, சிரிக்காத முகம்.

எங்களை இடது பக்கம் உட்கார வைத்தார்கள். வலது பக்கம் பார்த்தால், என் பெண்! அவளோடு அவளைப் போலவே வீட்டில் சுடுகிற பெண்கள் சிலர். தான் வரப்போவதை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. நான் அவனோடு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். மாவுச் சட்டையோடு எனக்கு உடம்பு கூசியது.

கடைசி வரிசையில் கோட்டுப் போட்ட ஒரு ஆள். கம்பெனிக்காரர். வசதியாகக் கால்மேல் கால் போட்டு போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

என் பையன் பேசினான். நன்றாகத்தான் பேசுவான். பொதுமக்கள் பாதுகாப்பு, சுகாதாரம், தரம் என்று அடுக்கினான். தீ பிடித்தால் மேலே தூங்குகிற குழந்தைகள் என்ன ஆவது என்று கேட்டபோது குரல்கூடத் தழுதழுத்தது. அந்தக் குழந்தை இவன்தான். ஒருநாளும் இவன்மேல் ஒரு பொறி விழுந்ததில்லை.

அடுத்து என் பெண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். மைக்கைக் கையில் எடுத்தாள்.

"தீ பயம் நியாயமான பயம்தான்" என்று ஆரம்பித்தாள். "அதுக்கு வழியும் இருக்கு. அடுப்புக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவுல நெருப்பு தாங்குற தடுப்பு, சரியான புகைபோக்கி, வருஷா வருஷம் சோதனை. அது எல்லாருக்கும் இருக்கட்டும், எங்களுக்கும் சேத்து. நாங்க எழுதி மூணு வாரம் முன்னாடியே குழுவுக்கு அனுப்பிட்டோம். வந்து பாருங்கன்னும் கூப்பிட்டோம். உங்கள்ல ஒருத்தர் என் சமையல்கட்டுக்கே வந்தாரு."

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வழுக்கைத் தலை ஆமாம் என்று ஆடியது. என் பையன் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினான். அவன் மந்திரியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இவள் மசோதாவுக்கு ஓட்டுப் போடுகிற ஆளைத் தன் அடுப்படிக்கே வரவழைத்திருக்கிறாள்.

"ஆனா பதினோராவது பிரிவு தீயைப் பத்தி எழுதினது இல்லீங்க" என்றாள். "எங்களை நிறுத்த எழுதினது. எழுதின அவசரத்துல அவங்க ஆளுங்களையே மறந்துட்டாங்க. நான் வளந்தது ஒரு அடுப்புக்கு மேலதான். அதோ அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவங்களைக் கேளுங்க, ராத்திரி எங்க தூங்குறாங்கன்னு."

தலைவியம்மா கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார். "அடுப்பு இருக்கிற கட்டடத்துலயே குடியிருக்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

ரஸ்க்காரர் தரையைப் பார்த்தார். பன் கடை அண்ணன் தம்பியைப் பார்த்தான், தம்பி விட்டத்தைப் பார்த்தான். எல்லோரும் சேர்ந்து தலைவரைப் பார்த்தார்கள். என் பையன் திரும்பி என்னைப் பார்த்தான். அதிகாரமில்லை அந்தப் பார்வையில். வேண்டாம்பா என்கிற கெஞ்சல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கை தானாகத்தான் போயிற்று என்று சொல்ல மாட்டேன். நானேதான் தூக்கினேன். முழங்கை வரைக்கும் மாவு.

"சொல்லுங்க பெரியவரே."

"அடுப்புக்கு நேர் மேலதாம்மா என் கட்டில். இந்த வரி சட்டமானா ஒண்ணு நான் கடையை மூடணும், இல்லே என் பொண்டாட்டியோட தெருவுல படுக்கணும். இந்தச் சங்கத்துல பாதிப் பேருக்கு இதே கதைதான். வாயைத் திறந்தா மைதா வராதுன்னு பயந்துக்கிட்டு உக்காந்திருக்கானுங்க."

ரஸ்க்காரர் கை எழுந்தது. "அண்ணே, மானத்தை வாங்கிட்டீங்களே" என்று முனகிக்கொண்டேதான் தூக்கினார். அப்புறம் பன் கடைத் தம்பி, அவனைப் பார்த்து அண்ணன். பாலத்தடிக்காரர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் செயற்குழுவின் ஐந்து பேர் கைதான் மடியிலேயே கிடந்தது.

பழைய கடைகளுக்கு விலக்கு உண்டா என்று தலைவியம்மா சட்ட அதிகாரியைக் கேட்டார். அவர் எழுந்து, "வரைவில் அப்படி எதுவும் இல்லை" என்றார். அவ்வளவுதான். வாயால் சொன்னதெல்லாம் ஏசிக் காற்றோடு போயிற்று.

"தலைவரே, உங்க உறுப்பினர்களைக் கேட்டுட்டுத்தான் வந்தீங்களா?"

"செயற்குழுவில் தீர்மானம்..."

"அது அஞ்சு பேரு. நான் கேட்டது உறுப்பினர்களை." தலைவியம்மா பேனாவை மூடினார். "பதினோராவது பிரிவை அடுத்த அமர்வு வரைக்கும் ஒதுக்கி வைக்கிறேன். சங்கமும் வீட்டுல சுடுறவங்களும் சேர்ந்து ஒரே வரைவா கொண்டு வாங்க. தனித்தனியா வந்தா நான் கேக்க மாட்டேன். இருக்கிறதே அப்படியே சபைக்குப் போகும்."

கடைசி வரிசை ஆள் அப்போதுதான் போனை உள்ளே வைத்தார். போகும்போது என் பையன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இவன் நெளிந்தான். அதையும் பார்த்தேன்.

வேனில் ஏற எனக்கு மனசில்லை. பஸ்ஸில் திரும்பினேன்.

பொழுது சாய்வதற்குள் கடை வாசலில் கூட்டம். உள்ளே மூன்று பேர், வெளியே பத்துப் பேர். காலையில் வாயே இல்லாதவனுக்கெல்லாம் சாயங்காலம் வாய் முளைத்திருந்தது.

"நாளைக்கே பொதுக்குழு போடறோம். அவரை இறக்கறோம்" என்றான் பன் கடைத் தம்பி. "பெரியவரே, நீங்க தலைவரா வாங்க."

"கை தூக்கவே என்னைப் பாத்துத்தான்டா தூக்கினே. போடா."

ரஸ்க்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இனிமே அடுப்புக்கு மேல தூங்குறவன்தான் தலைவர்னு தீர்மானம் போடப் போறோம் அண்ணே. லிப்ட்ல போறவனுக்கு நாற்காலி கிடையாது!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கப்போகிறவன் நான் பெற்றவன்.

அப்போதுதான் என் பெண் வந்தாள். கூட்டம் வழி விட்டது. போன வாரம் அவளைத் திருடி என்று சொன்ன சங்கம்!

"என் அடுப்பு ஓட்டு இனிமே உனக்கு" என்றேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். "எழுதித் தரேன். போய் உக்காரு."

"வேணாம்பா."

"என்ன வேணாம்?"

"அண்ணன்கிட்டேருந்து பிடுங்கி எனக்குக் குடுத்தா, நான் ஒருத்தி உள்ள போவேன். இன்னிக்கு எங்கூட வந்தவங்க வாசல்லயே நிப்பாங்க. சங்கத்து விதியை மாத்தச் சொல்லுங்க. அடுப்பு எங்க இருந்தாலும் அது அடுப்புதான்."

எனக்கு அவள் மேலும் ஆத்திரம் வந்தது. கொடுக்கிறதை வாங்கத் தெரியாத பெண். "அப்ப அந்தச் சங்கத்தையே கலைச்சுப் போடுங்க! யாருக்கு என்ன லாபம் அதால?"

"கலைச்சுட்டா நாளைக்குக் குழு முன்னால யாருப்பா போய் நிப்பா? கம்பெனிக்காரன் தனியாப் போவான். நீங்க இங்க ரொட்டி சுட்டுக்கிட்டே இருங்க, அவன் அங்க எழுதிக்கிட்டே இருப்பான்."

சுருக்கென்றது. பிறகு ரஸ்க்காரரிடம் சொன்னேன். "நாளைக்கு என் ஓட்டை நானே வந்து போடறேன். எனக்காக யாரும் உக்கார வேணாம்."

அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். ஒரு அடுப்புக்கு ஒரு ஓட்டு. நான் போய் உட்கார்ந்தால் என் மகனுக்கு அந்த மண்டபத்தில் நிற்கக்கூட இடமில்லை.

எல்லோரும் போனபின் ஷட்டரைப் பாதி இறக்கினேன். மாவு பிசைய உட்காரலாம் என்று திரும்பினால், ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடி ஷூ தெரிந்தது. காலையில் பளபளத்தது, இப்போது புழுதி.

"அப்பா."

நான் மாவுத் தட்டை இழுத்து வைத்தேன்.

"அந்த வரியை நான் முழுசாப் படிக்கலப்பா. அவங்க குடுத்தாங்க, தங்கச்சி மாதிரி ஆளுங்களை நிறுத்தும்னாங்க. அவ்வளவுதான் தெரியும்."

"கூடப் பொறந்தவளை நிறுத்தும்னு தெரியும். அது தெரிஞ்சே கையெழுத்துப் போட்டே."

ஷூ இரண்டும் அசையாமல் நின்றன.

"நாளைக்கு நீங்க வரீங்களாமே."

"வரேன்."

ஷூ இரண்டும் ஷட்டரை விட்டு நகர்ந்தன. போய்விட்டான் என்று நினைத்தேன். அப்புறம் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டான்.

"இன்னிக்கு இங்க மேல படுத்துக்கட்டுமா?"

மாடிப்படியில் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரி முட்டி வலியோடு தலையணை எடுக்க மேலே ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கேள்வியும் இல்லை. பிள்ளை வந்துவிட்டான், அவ்வளவுதான்.

எனக்கு ரஸ்க்காரர் சொன்னது காதில் ஓடியது. அடுப்புக்கு மேல் தூங்குகிறவன்தான் இனிமேல் தலைவர். அதை இவன் கேட்டுவிட்டுத்தான் வந்தானா, இல்லை வேறு போக்கிடம் இல்லாமல் வந்தானா? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க வேண்டுமானால் ஷட்டரைத் தூக்க வேண்டும்.

பிடியில் கை வைத்தேன். இன்னும் தூக்கவில்லை.